கொற்கைக்கு வந்த ஒதெல்லோ

அன்புள்ள வாசகர்களுக்கு,

நீங்கள் படித்த கதைகளிலேயே ரொம்பவும் தனியாக நின்ற பாத்திரம் எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. ‘மோகமுள்’ யமுனாவுக்குத்தான் கூட்டம் அதிகம். ஜெயகாந்தனின் கங்காவுக்கு அடுத்த இடம். கர்ணனுக்காக வாதாட வந்த ஒரு பெரியவர், மகாபாரதம் கதைக் கணக்கில் வருமா, வராதா என்று முதலில் ஓர் அஞ்சலட்டை போட்டுக் கேட்டுக்கொண்டார். பதிலுக்குக் காத்திராமல் மறுநாளே நான்கு பக்கக் கடிதமும் அனுப்பிவிட்டார். தாராளமாக வரும், ஐயா. பெசன்ட் நகர் வாசகி ஒருவர் மட்டும் தமிழை விட்டு வெளியே போனார். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ, கல்லூரியில் படித்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒதெல்லோ தமிழுக்குப் புதியவர் இல்லை. அவரை இங்கே அழைத்து வந்தவர்களில் ஒருவர் மயிலாப்பூரில் வீடு கட்டி வாழ்ந்தவர்.

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவைச் சொல்கிறேன். 1872இல் தாமிரபரணிக் கரைப் பக்கத்துப் பெருங்குளத்தில் பிறந்தவர். உப்பு இலாகாவில் உத்தியோகம். பிறகு மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், சொந்த ஊர்ப் பெயரையே வைத்துப் ‘பெருங்குளம் ஹவுஸ்’ கட்டினார். காட்டுயிர்களைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் அவருடைய பிள்ளை. அவரும் அந்த வீட்டில்தான் வாழ்ந்தார். மாதவையா ‘பஞ்சாமிர்தம்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போயிற்று. அப்போது அவருக்கு வயது 53. பத்திரிகை நடத்தியதால் வந்த வினை என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கிண்டல் உண்டு.

அவர் ‘ஒதெல்லோ’வைத் தமிழ் நாடகமாக்கி வைத்த பெயர், ‘உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன்’.

அந்தக் காலத்தில் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் அவருக்கு வேட்டி கட்டித்தான் மேடை ஏற்றினார்கள். பம்மல் சம்பந்த முதலியார் கையில் ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான். அதில் பெரிய சிக்கல் இல்லை. இளவரசன் எந்த ஊரிலும் இளவரசன்தான். அப்பாவைக் கொன்றுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்ட சித்தப்பாவை எந்த ஊரிலும் பிடிக்காது. ஒதெல்லோவை அப்படி மாற்றிவிட முடியாது. வெனிஸ் நகரத்துக்குச் சண்டை போட்டுக் கொடுக்கும் தளபதி அவன். நகரத்தின் உயிரே அவன் கையில் இருக்கிறது. ஆனால் கறுப்பன், வேற்று இனத்தான், ‘மூர்’. நம் ஊரில் வெறும் நிறத்தை வைத்து ஒருவனை அந்நியன் ஆக்கிவிட முடியுமா? ராமனும் கறுப்பு, கண்ணனும் கறுப்பு என்று பாடிக்கொண்டிருக்கிறோம். (கல்யாண விளம்பரத்தில் ராமனும் கண்ணனும் எடுபட மாட்டார்கள். அது வேறு வழக்கு.) ஆக, தமிழ் மேடையில் அவன் வந்து நின்றவுடனே, ‘இவன் நம்மவன் இல்லை’ என்று கொட்டகை முழுவதும் தானாக நினைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது.

மாதவையா கடலுக்கு அக்கரையைப் பார்த்தார். வெனிஸ் வணிகத் துறைமுகம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கையும் அப்படித்தான். அவர் பிறந்த ஊரிலிருந்து கொற்கை எட்டாத தூரமும் இல்லை. வெனிஸுக்குக் கடல் தாண்டி மூர்கள் என்றால், கொற்கைக்கு எதிரே கடலைத் தாண்டினால் சிங்களவர்கள். பூகோளம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

எனக்கு இதில் பூகோளத்தைவிடப் பிடித்தது அதிலிருக்கும் துணிச்சல். தூர தேசத்துக் கறுப்பனுக்காகக் கண் கலங்குவது சுலபம்; அவனை விரட்டியது நாம் இல்லை, வெனிஸ்காரன். டிக்கெட் காசுக்குக் கொஞ்சம் கண்ணீர், அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு. சிங்களவன் என்றால் கதை வேறு. விரட்டுகிற ஊர் நம் ஊராகிவிடுகிறது. அந்த ஏளனம் நம் வாயில் வருகிற ஏளனம் ஆகிவிடுகிறது. இனத்துவேஷத்தைப் பற்றிய கதையை நம்மிடம் சொல்வதானால், நாம் வெறுக்கிற ஆளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் வெறுக்கும் ஆளை வைத்துச் சொன்னால் நமக்கு உறைக்காது.

இலங்கையில் 1983 ஜூலையிலும் 2009 மே மாதத்திலும் நடந்தவற்றுக்குப் பிறகு இந்தத் தலைப்பைப் படிப்பவருக்கு அது இன்னும் கடுமையாக உறைக்கும். அக்கரையில் வெளியாள் ஆக்கப்பட்டு, வீடு எரிந்து, கடல் தாண்டி ஓடிவந்தவர்கள் நம் உறவுகள். அந்தக் கோபத்தின் நியாயத்தை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், 2013 மார்ச்சில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்க வந்த இலங்கைப் புத்த பிக்கு ஒருவரை ஒரு கும்பல் அடித்தது. அவர் படிக்க வந்தவர், எந்தப் பீரங்கியையும் இயக்கியவர் இல்லை. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு மாதவையாவின் ஞாபகம்தான் வந்தது. இதை எழுதியதற்காக எனக்கு வரப்போகும் கடிதங்களை இப்போதே வரவேற்கிறேன்.

ஒதெல்லோவுக்குத் திரும்புவோம். நாடகத்தில் என்னை உறுத்துகிற ஆள் இயாகோ இல்லை. அவன் வில்லன், வில்லன் செய்வதைச் செய்கிறான். டெஸ்டிமோனாவின் அப்பா பிரபான்ஷியோதான் உறுத்துகிறார். நல்ல மனிதர், செனட்டர், நாலு பேர் மதிக்கிற குடும்பம். அவர்தான் ஒதெல்லோவை அடிக்கடி வீட்டுக்கு அழைக்கிறார். உட்கார வைத்து, பட்ட அடி, பார்த்த போர், போன தேசம் எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்கிறார். மகளும் கதவோரம் நின்று கேட்கிறாள். அதுவரை எல்லாம் சரி. மகள் அந்த மனிதனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தெரிந்ததும் நடு ராத்திரியில் ஆள் படையோடு கிளம்புகிறார். என் பெண்ணுக்கு மருந்து வைத்துவிட்டான், மந்திரம் போட்டுவிட்டான் என்று சபையில் புலம்புகிறார். பெண் தானாக அவனை விரும்பியிருப்பாள் என்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. கதை சொல்ல வரலாம், கூடத்தில் உட்காரலாம், பலகாரம் சாப்பிடலாம். உறவு என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது.

இந்த பிரபான்ஷியோவை நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருக்கிறோம். சென்னையில் அவருக்குப் பல முகங்கள் உண்டு.

லஸ் சர்ச் ரோடிலிருந்தே ஒரு உதாரணம். லஸ் ஹவுஸில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு, சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படுபவர். அவர் காலத்தில் சேப்பாக்கம் மைதானம் வெள்ளைக்காரர்களின் கிளப்புக்குச் சொந்தம். இந்தியர்கள் அங்கே போய் ஆடலாம். பந்து போடலாம், விக்கெட் எடுக்கலாம். சாப்பாட்டு நேரம் வந்தால் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள், இந்தியர்கள் மரத்தடியில். புச்சிபாபுவுக்கு இது பொறுக்கவில்லை. 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஆடவிட்டார்கள், சாப்பிட உள்ளே விடவில்லை. பிரபான்ஷியோவும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்.

அடுத்தது அடையாறு. இங்கே ஜாதகம் தலைகீழ். வெளியாள் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். பிரம்மஞான சபையில் ஜார்ஜ் அருண்டேல் பேசினால் மயிலாப்பூர் வக்கீல்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்ட காலம். 1920இல், நாற்பதைக் கடந்த அந்த வெள்ளைக்காரரைப் பதினாறு வயது ருக்மிணி கல்யாணம் செய்துகொண்டார். ஊர் கொதித்தது. பேச்சு கேட்கப் போனவர்களே கண்டனமும் பேசினார்கள். வயது வித்தியாசத்தைச் சொல்லி எதிர்த்தவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அந்தக் கொதிப்பின் அடியில் இருந்தது வயதுக் கணக்கு மட்டும்தானா? வயதில் மூத்த மாப்பிள்ளைக்குச் சின்னப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கொடுப்பது அன்றைய மயிலாப்பூருக்குக் காணாத காட்சியா என்ன? ஊரின் ஏச்சு அருண்டேலை அவ்வளவாகத் தொடவில்லை. அவருக்குச் சபை இருந்தது, உலகம் இருந்தது. ஏச்சு முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கிய பிறகு அதே ஊர் ருக்மிணியைக் கொண்டாட வரிசையில் நின்றது. ஆனால் அதற்குப் பதினாறு வருஷம் ஆயிற்று.

வேலியைத் தாண்டுகிற பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பதை மாதவையாவே இன்னொரு நாவலில் எழுதியிருக்கிறார். 1915இல் வந்த ‘கிளாரிந்தா’. ஆங்கிலத்தில் எழுதினார். நிஜத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை அது: தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, அவர் இறந்த பிறகு 1778இல் பாளையங்கோட்டையில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் கட்டிய கோயிலைப் பாளையங்கோட்டைக்காரர்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். மதம் மாறி, ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு, ஊர் மாறி வாழ்ந்தவருக்கு, இத்தனை காலத்துக்குப் பிறகும் ஊர் கொடுத்திருக்கும் பெயரைப் பாருங்கள்.

தஞ்சாவூர் மராட்டி என்றதும் யமுனா வந்துவிட்டாள். உங்கள் கடிதங்களில் பாதி அவளுக்கு வந்தவை. அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1950களில் ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்தது. பாபுவின் காதல், ரங்கண்ணாவின் சங்கீதம், காவிரி, கும்பகோணத்துத் தெருக்கள் என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு துக்காம்பாளையத் தெருவில் யமுனாவின் வீட்டைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். யமுனாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற கேள்வியை மட்டும் லேசாகத் தாண்டிவிடுகிறோம். அழகில் குறைவில்லை, படிப்பில் குறைவில்லை. அப்பா தமிழ் பிராமணர். அம்மா பார்வதிபாய் மராட்டியப் பெண், அவருடைய இரண்டாவது குடும்பம். அவ்வளவுதான். வருகிற வரன் எல்லாம் இந்த இடத்தில் தட்டிப்போகிறது. யமுனாவை யாரும் திட்டுவதில்லை; வாசலில் கல் எறிவதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள், விசாரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். வருஷங்கள் போகின்றன. இந்த நாவலில் துவேஷத்துக்குக் குரலே கிடையாது. மரியாதையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுகிறது. ஜானகிராமனின் மேதைமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை. 1676 முதல் 1855 வரை தஞ்சாவூரை ஆண்டவர்கள் மராட்டியர்கள். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர்கள் அவர்கள். ஹரிகதையில் அவர்கள் சாயல் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் வரிசையில் நின்று, தேங்காய் போளியா, பருப்பு போளியா என்று கேட்டு, சுடச்சுட வாழை இலையில் வாங்கித் தின்கிறோமே, அது அவர்கள் அடுப்பிலிருந்து வந்ததுதான். இரண்டு நூற்றாண்டுப் பழக்கம். போளிக்கு யாரும் கோத்திரம் கேட்கவில்லை. யமுனாவுக்கு மட்டும் கேட்டார்கள்.

பாபு சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு, யமுனாவும் பட்டினியும் வறுமையுமாக அவனைத் தேடி இந்த ஊருக்கு வந்து சேர்கிறாள். நாவலின் முடிவைப் பற்றி எழுதியவர்களில் பலர் பாபு ஜெயித்தானா, தோற்றானா என்று கேட்டிருக்கிறீர்கள். சைதாப்பேட்டை வாசகி ஒருவர்தான், அத்தனை வருஷம் அந்தப் பெண் யாரோடு பேசிக்கொண்டிருந்திருப்பாள் என்று கேட்டிருந்தார். இந்த இதழின் சிறந்த கடிதம் அதுதான். 34ஆம் பக்கத்தில் முழுதாக வெளியாகியிருக்கிறது.

எல்லாம் இருட்டு என்று நினைக்க வேண்டாம். ஜெயகாந்தன் ஒரு ஹென்றியைக் கொடுத்திருக்கிறார். 1973இல் புத்தகமாக வந்த ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’. யார் பெற்ற பிள்ளை என்று தெரியாத, ஆங்கிலோ இந்தியன் மாதிரி இருக்கிற ஒரு இளைஞன். வளர்த்த அப்பா சபாபதி பிள்ளையின் கிராமத்துக்கு வருகிறான். அது என் பப்பாவின் வீடு, நான் அங்கே இருக்கப்போகிறேன் என்கிறான். நிலம் நீச்சு எதற்கும் சண்டை போடவில்லை. வீடு போதும் என்கிறான். கிராமம் ஏற்றுக்கொள்கிறது. சிற்றப்பா முறை ஆக வேண்டியவர் சிற்றப்பா ஆகிவிடுகிறார். இப்படி எந்த ஊரில் நடக்கும், இது பகல் கனவு என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. எனக்கு இதில் கனவு தெரியவில்லை. ஒரு சூட்சுமம் தெரிகிறது. ஹென்றி விருந்தாளியாக வரவே இல்லை. வந்த முதல் நாளே உறவு சொல்லிக்கொண்டு வருகிறான். கூடத்தில் உட்கார வைத்துக் கதை கேட்டு அனுப்பிவிடும் வாய்ப்பை அவன் ஊருக்குக் கொடுக்கவில்லை. அதே நாவலில் எந்த உறவும் சொல்லத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள், பேபி. மனம் பிறழ்ந்த பெண். அவளுக்குத் துணி கிடைக்கிறது, சோறு கிடைக்கிறது, கூரை கிடைக்கிறது. கடைசியில் வந்த மாதிரியே போய்விடுகிறாள்.

நாமே வெளியாள் ஆனால் எப்படி இருக்கும் என்பதற்கு தி. நகர்க்காரர் ஒருவரை விட்டால் வேறு ஆள் இல்லை. வீட்டில் இடம் போதாமல் வெங்கட்நாராயணா ரோடு நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் அசோகமித்திரன். செகந்திராபாத்தில் தமிழ்ப் பையனாக, அதாவது அங்கே வெளியாளாக, வளர்ந்தவர். அந்தக் கதை ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு எழுத்தாளர் முகாமுக்குப் போனார். பல தேசத்து எழுத்தாளர்கள், ஒரே கட்டடம், வெளியே பனி. அதிலிருந்து வந்தது ‘ஒற்றன்’. அதில் அபே குபேக்னா என்ற எத்தியோப்பியர் வருகிறார். நிஜத்திலும் வாழ்ந்த எழுத்தாளர்தான்; சொந்த நாட்டில் அவர் புத்தகம் தடை செய்யப்பட்டது. சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடும் மாம்பலத்து மனிதர், நாடே நம்பாத ஒரு ஆப்பிரிக்கரைப் பார்க்கிறார். பரிதாபப்படாமல் பார்க்கிறார் என்பதுதான் விசேஷம். இதுவரை படிக்காதவர்கள் ‘ஒற்ற’னிலிருந்து அசோகமித்திரனை ஆரம்பிக்கலாம், சிரித்துக்கொண்டே படிக்க முடியும்.

தி. நகர் என்றதும் இன்னொன்று. ஒதெல்லோவை நம்மில் பலர் முதலில் பார்த்தது புத்தகத்தில் இல்லை, கொட்டகையில். 1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’. கண்ணதாசனின் படம். கல்லூரி நாடகக் காட்சி ஒன்றில் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு சிவாஜி ஒதெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா, வசனம் ஆங்கிலத்தில். தெற்கு போக் ரோடு, ஹபிபுல்லா ரோடு, ஹென்ஸ்மன் ரோடு என்று மூன்று பேரும் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தவர்கள். ஆக வெனிஸ் மாம்பலத்துக்குள்ளேயே இருந்தது. படத்தின் பின்னணி சீனப் போர். கொட்டகையில் சீனனைத் திட்டிக் கைதட்டல் பறந்த அதே மாதங்களில், அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்கள், குழந்தை குட்டிகளோடு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். முகம்தான் அவர்கள் செய்த குற்றம். ஒதெல்லோவுக்காக உருகிய கொட்டகையில் இதை நினைத்துப் பார்த்தவர் எத்தனை பேரோ.

இப்போது ஒதெல்லோவின் தனிமைக்கு வருகிறேன், பெசன்ட் நகர் வாசகிக்காக. நாடகத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை அவனுடைய ஊர்க்காரர் ஒருவர்கூட மேடைக்கு வருவதில்லை. அம்மா கொடுத்த கைக்குட்டை ஒன்றுதான் அவன் ஊரிலிருந்து வந்த சொத்து, அதுவும் தொலைந்துபோகிறது. அவனுக்குச் சந்தேகம் கிளம்புகிற இடத்தில் இயாகோ செய்கிற வேலையைக் கவனியுங்கள். உன் மனைவி கெட்டவள் என்று அவன் எடுத்தவுடனே சொல்லிவிடவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி எனக்குத்தான் தெரியும், உனக்கு என்ன தெரியும் என்கிற தோரணையில் ஒரு வார்த்தை விடுகிறான். அங்கே ஒதெல்லோ விழுந்துவிடுகிறான். தளபதிக்குப் போர்க்களம் தெரியும், பீரங்கி தெரியும், வெனிஸ் பெண்கள் எப்படி என்று எப்படித் தெரியும்? புது ஊருக்கு வந்தவன் ஊர் வழக்கத்தை யாரிடமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும். அவன் கேட்ட ஆள் இயாகோ. சரியா தப்பா என்று ஒத்துப்பார்க்க இரண்டாவது ஆள் இல்லை. பொறாமையால் கெட்டவன் என்று வகுப்பில் பாடம் எடுக்கிறார்கள். பொறாமை அதற்கப்புறம்தான் வந்தது என்று எனக்குப் படுகிறது.

2012 ஆகஸ்டில் செல்போன் குறுஞ்செய்தி வதந்தியை நம்பி, வடகிழக்கு மாநிலத்து இளைஞர்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரயில் ரயிலாக ஊருக்குக் கிளம்பினார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோதும் பலர் மூட்டை கட்டினார்கள். எப்படி நம்பினார்கள் என்று அப்போது கேலி பேசினோம். பொய் என்று சொல்ல இந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்த ஆள் யார் இருந்தார்கள்?

எங்கள் அலுவலகத்தில் பக்கங்களை வடிவமைக்கும் பெண் மிசோரத்துக்காரர். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழின் அழகுக்குப் பாதிக் காரணம் அவர்தான். தமிழ் பேசுவார், மெட்ராஸ் தமிழ், மந்தைவெளி மார்க்கெட்டில் கற்றுக்கொண்டது. தமிழ் எழுத்து படிக்க வராது; எழுத்துகளை வடிவமாகவே பார்த்துப் பழகியவர். வீடு தேடியபோது நானும் கூடப் போனேன். தரகர் என்னை ஓரமாக அழைத்து, “ஓனர் ஒத்துக்க மாட்டாங்க சார், சமையல் வாசனை வரும்னு பயப்படுறாங்க” என்றார். வீட்டு அம்மாள் அந்தப் பெண்ணிடம் ரொம்பப் பிரியமாகப் பேசி, காபி கொடுத்து, ஊரில் மழை உண்டா, என்ன பூ பூக்கும் என்றெல்லாம் கேட்டார். அட்வான்ஸ் பேச்சு வந்ததும், பையன் அமெரிக்காவிலிருந்து வரப்போகிறான், வீடு அவனுக்கு வேண்டியிருக்கிறது என்றார். அந்த வீட்டு வாசலில் ‘டு லெட்’ பலகை அப்புறமும் ரொம்ப நாள் தொங்கியது. எங்கள் கதாநாயகிக்குக் கடைசியில் அடையாறில் வீடு கிடைத்தது. ஓனர் வீட்டுக் குழந்தைகளுக்கு இப்போது கிதார் சொல்லித்தருகிறார்.

இந்தப் பக்கத்தையும் அவர்தான் அமைத்தார். என்ன சார் எழுதியிருக்கீங்க, இவ்வளவு நீளமாப் போவுது, படம் வைக்க எடமே இல்ல என்று புகார். யமுனாவின் கதையையும் ஒதெல்லோவின் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். கைக்குட்டை வரை பொறுமையாகக் கேட்டார்.

“அவருக்கு ஊர்க்காரங்க யாருமே இல்லையா சார் அங்க?”

“ஒருத்தரும் இல்லம்மா.”

“சண்டே பாட்டுக்காவது நாலு பேர் சேர மாட்டாங்களா? எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. ஹவுஸ் ஓனர் என்ன சொன்னாலும் மொதல்ல அதுலதான் போட்டுக் கேப்போம், இது நெசமான்னு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க யமுனா மேடத்துக்கும் குரூப் இல்லபோல” என்றார்.

அவர் கேட்டபடி படத்துக்கு இடம் ஒதுக்க இரண்டு பத்திகளை வெட்டியிருக்கிறேன். கர்ணனைப் பற்றிய பெரியவரின் கடிதம் அடுத்த இதழில்.

அன்புடன்,
ஆசிரியர்